எட்டுப் புத்தகங்களின் முதல் பாடம்

போன வாரம் சமையலறையில் உட்கார்ந்து மலைப்பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். மாடியில் குடியிருக்கும் நிவேதா கையில் போனோடு இறங்கி வந்து எதிரே உட்கார்ந்தாள். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பெண். பழைய கிரேக்க மொழி படிக்கப் போகிறாளாம். எதற்கு என்று கேட்டேன். மனசு ஒரு இடத்தில் நிற்கமாட்டேன் என்கிறது, அதனால்தான் என்றாள். எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. போனில் பதினோரு பாடப்புத்தகங்களை இறக்கி வைத்திருந்தாள்.

"எதுல ஆரம்பிக்கலாம்னு நீங்கதான் சொல்லணும் ஆன்ட்டி. உங்களுக்குக் கிரேக்கம் தெரியும்னு அம்மா சொன்னாங்க."

தெரியும் என்பது பெரிய வார்த்தை. எட்டுப் புத்தகங்களின் முதல் பாடம் எனக்குத் தெரியும். இரண்டாம் பாடம் என்றால் ஐந்து புத்தகங்களில். ஆறாம் பாடம் என்றால் ஒன்றில், அதுவும் பாதி. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அழித்துவிடு என்று அவளிடம் சொன்னேன். "எதை வச்சுக்க?" என்று கேட்டாள். நான் அடுத்த பூண்டுப் பல்லை உரிக்க எடுத்தேன். சிரித்துக்கொண்டே எழுந்து போய்விட்டாள். பூண்டு வாசனை மட்டும் விரலில் நின்றது. எனக்குக் கிரேக்கம் என்றாலே அந்த வாசனைதான். அதற்குக் காரணம் பூம்பாறை பஸ்.

எழுபதுகளின் கடைசி. எனக்கு இருபத்திரண்டு வயது. கன்னிவாடியிலிருந்து மலையேறி வந்து கொடைக்கானலில் ஒரு மிஷன் நூலகத்தில் உதவியாளராக இருந்தேன். வேலை ஒன்றும் பிரமாதமில்லை. வருகிற புத்தகத்துக்கு எண் போட வேண்டும், தேதி முத்திரை குத்த வேண்டும், பின்னட்டையில் சீட்டு ஒட்ட வேண்டும். மற்ற நேரமெல்லாம் ஈரத்தோடு மல்லுக்கட்டுவதுதான். ஜன்னலைத் திறந்தால் மேகம் உள்ளே வந்து அலமாரிக்குப் பக்கத்தில் நின்றுகொள்ளும். புத்தகங்கள் ஊறி உப்பிவிடும். தை மாதம் வெயில் முகம் காட்டியதும் அவற்றை வெளியே புல்வெளியில் விரித்து, வடகம் காயப்போடுவது போல வரிசையாகக் காயப்போடுவோம். காற்றடித்தால் ஓடி ஓடிப் பிடிப்பது என் பொறுப்பு.

நூலகர் தேவசகாயம் சார். ஒரு ஸ்வெட்டருக்கு மேல் இன்னொரு ஸ்வெட்டர், அதற்கு மேல் கோட்டு, கழுத்தில் மஃப்ளர் என்று இருப்பார். நல்ல மனிதர். ஆனால் ஒரு ஆளுக்கு ஒரு நேரத்தில் ஒரு புத்தகம் என்ற விதியை மட்டும் யாருக்காகவும் தளர்த்தமாட்டார்.

ஒரு மலை ஊர் நூலகத்தில் கிரேக்கப் பாடப்புத்தகம் எட்டு இருந்தது எப்படி என்று நீங்கள் கேட்கலாம். வெள்ளைக்காரக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக ஊரைக் காலிசெய்துகொண்டிருந்த காலம் அது. சீசன் முடிந்தால் இரண்டு வீடு, மூன்று வீடு பூட்டப்படும். மேசை நாற்காலியெல்லாம் வராந்தாவில் விலைக்கு வைக்கப்படும். கரண்டி, குழந்தைக் கட்டில், கம்பளி என்று எல்லாவற்றுக்கும் ஆள் வரும். புத்தகங்களுக்கு மட்டும் வராது. அவை மரப்பெட்டியில் அடைபட்டு எங்களிடம் வந்து சேரும். பெட்டியைத் திறந்ததும் அந்துருண்டையும் தைல மர இலையும் சேர்ந்த ஒரு நெடி கிளம்பும். புதிய ஏற்பாட்டின் மூல மொழி கிரேக்கம். போதகர்களாக வந்தவர்கள் அதைக் கற்றிருந்ததால் பெட்டிக்கு ஒரு கிரேக்க இலக்கணமாவது இருக்கும். கப்பலேற்றிக் கொண்டுபோகிற அளவுக்கு அதன்மேல் யாருக்கும் பிரியம் இருந்ததில்லை போலிருக்கிறது.

அந்த வயதில் நான் எப்படி இருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். டைப்ரைட்டிங் பாதி படித்திருந்தேன். சுருக்கெழுத்து கால்வாசி. அட்டுவம்பட்டியில் நான் தங்கியிருந்த பெண்கள் விடுதியில் ஓர் அக்காவிடம் ஸ்வெட்டர் பின்னக் கற்றுக்கொண்டு, ஒரு கை மட்டும் பின்னி முடித்திருந்தேன். எதைத் தொட்டாலும் பத்து நாளில் கால் அரிக்க ஆரம்பித்துவிடும். அப்பாவிடமிருந்து மாதம் இரண்டு கடிதம் வரும். வத்தலக்குண்டில் உரக்கடை வைத்திருந்த அத்தை மகனுக்கு என்னைக் கொடுப்பதென்று பேச்சு. நேரில் போனாலும் அதே பல்லவிதான். "ஏத்தா, அந்தக் குளிருல உனக்கு என்ன சோலி கெடக்கு? வெரசா வந்து சேரு" என்பார். அத்தை மகன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்தக் கடையின் கல்லாவுக்குப் பின்னால் நாற்பது வருஷம் நான் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தாலே மூச்சு முட்டும்.

அப்படி இருக்கும்போதுதான் அந்த அறிவிப்பு வந்தது. சமவெளியில் ஓர் இறையியல் கல்லூரி. பெண்களைப் பட்டப்படிப்பில் சேர்ப்பதாக முடிவெடுத்திருந்தார்கள். எங்கள் மலை வட்டாரத்துக்கு உதவித்தொகையோடு ஒரே ஓர் இடம். சேருவதற்கு முன் தொடக்கக் கிரேக்கத்தில் ஒரு பரீட்சை எழுத வேண்டும். வசந்தத்தில் பரீட்சை, கையில் ஏழு மாதம். மலையில் கிரேக்கம் தெரிந்த கடைசிப் போதகர் இரண்டு வருஷத்துக்கு முன்பே கப்பலேறிவிட்டார். சொல்லித்தர ஆள் கிடையாது. புத்தகம்தான் கதி.

அறிவிப்பைப் பலகையில் ஒட்டியவள் நான். ஒட்டிவிட்டு இரண்டடி பின்னால் வந்து படித்தபோது, அது எனக்கென்றே வந்ததாகத் தோன்றியது. அடுத்த சனிக்கிழமை காலையில் ஒரு பெண் வந்து அதே பலகைக்கு முன்னால் கால் மணி நேரம் நின்றாள். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவளாக இருக்கலாம். உள்ளே வந்து, கிரேக்கம் படிக்கிற புத்தகம் எங்கே இருக்கிறது என்று கேட்டாள். கிட்டே வந்தபோது பூண்டு வாசனை அடித்தது. பூம்பாறை பஸ்ஸில் கூரையிலும் பூண்டு மூட்டை, கால் வைக்கும் இடத்திலும் மூட்டை. அதில் வருகிற மனிதர்கள் யாரானாலும் பூண்டாகத்தான் இறங்குவார்கள்.

அவள் பெயர் புஷ்பம். இலங்கையில் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவள். பதினாலு வயதில் குடும்பத்தோடு கப்பலில் வந்து, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு, பூம்பாறை போகிற வழியில் தாயகம் திரும்பியவர்களுக்கென்று அமைந்த ஒரு குடியிருப்புக்கு வந்து சேர்ந்தவள். அங்கே இருந்த சின்னப் பள்ளிக்கூடத்தில் ஒண்ணாம் வகுப்பு டீச்சர். பி.யு.சி. முடித்திருந்தாள். கல்லூரிக்கு அதுவே போதும்.

எட்டுப் புத்தகங்களையும் மேசைமேல் பரப்பினேன். இரண்டு பேரும் எதிரெதிரே நின்று புரட்டினோம். தலையணை மாதிரி ஒன்று, ஆங்கிலேயப் பள்ளிப் பையன்களுக்காக எழுதியது. எந்த எடுத்துக்காட்டை எடுத்தாலும் அதில் ஒரு படைத்தலைவன் குதிரையில் எங்கேயோ போய்க்கொண்டிருப்பான். ஒன்று லத்தீன் தெரிந்தவர்களுக்கு மட்டும். ஒன்றில் விளக்கமெல்லாம் ஜெர்மன் மொழியில். ஒன்று மீன்காரன் குடும்பத்துக் கதையாக, படம் போட்டு, ஆசையாக இருந்தது. மற்ற மூன்றும் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை போலிருந்தன. கடைசியாக, தவிட்டு நிற அட்டையில் ஒல்லியாக ஒன்று. வேதம் படிப்பதற்கான கிரேக்கம். படமில்லை, கதையில்லை, முன்னுரைகூட அரைப் பக்கம்தான். பாடத்துக்குப் பத்துப் பயிற்சி வாக்கியங்கள். விடை கிடையாது.

நான் தலையணையை எடுத்துக்கொண்டேன். கனமாக இருந்ததால் அதில்தான் சரக்கு இருக்கும் என்று நினைத்தேன். புஷ்பம் தவிட்டு நிறத்தை எடுத்தாள். ஏன் அது என்று கேட்டதற்கு, பஸ்ஸில் நின்றுகொண்டே ஒரு கையில் பிடித்துப் படிக்கலாம் என்றாள்.

கல்லூரிக்கு ஏன் போக வேண்டும் என்று அவளிடம் கேட்டேன். என் போட்டியாளர் எப்படிப்பட்டவள் என்று தெரிந்துகொள்ளும் ஆர்வம்தான். முந்தின வருஷம் ஐப்பசி மழையில் அவள் அப்பா இறந்திருக்கிறார். சாலையில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது. போதகர் வர முடியவில்லை. இரண்டு நாள் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். கூட்டத்தில் வேதத்தைச் சரளமாக வாசிக்கத் தெரிந்தவள் இவள் ஒருத்திதான். வாசிக்கிறேன் என்று முன்னால் வந்தபோது, பொம்பளை வாசிக்கக் கூடாது என்று பெரியவர்கள் இரண்டு பேர் மறித்துவிட்டார்களாம்.

"ஒருத்தரும் ஒண்ணும் கதைக்கல. சும்மா மண்ணத் தள்ளிட்டு வந்தோம் புள்ள," என்றாள். "எங்க ஆளுங்க செத்தா வந்து நிக்க ஒருத்தர் வேணும். அதுக்குப் படிச்சிருக்கணும்ங்கிறாங்க. சரி, படிச்சிட்டு வர்றேன்."

பிறகு என்னைக் கேட்டாள். எனக்கு இங்கிருந்து போக வேண்டும் என்றேன். எங்கே என்றாள். அதை நான் யோசித்திருக்கவில்லை.

படிப்பு தொடங்கியது. கிரேக்க எழுத்து ஒரு வாரத்தில் வந்துவிட்டது. பார்த்தால் ஆங்கிலப் 'பி' போல இருக்கும், 'ர' என்று வாசிக்க வேண்டும். 'வி' போல இருப்பது 'ந'. அந்த ஏமாற்று வேலையெல்லாம் எனக்குப் பிடித்திருந்தது. அடுத்தது வேற்றுமை உருபுகள். தலையணைப் புத்தகம் அதைப் பற்றி நாற்பது பக்கம் பயமுறுத்தியது. புஷ்பம் தன் நோட்டில் பக்கத்துக்கு ஒரு கோடு போட்டு, இடப்பக்கம் ஐ, கு, இன், விளி என்று தமிழில் எழுதி, வலப்பக்கம் கிரேக்கத்தை எழுதிக்கொண்டு வந்தாள். "நமக்கு எட்டு புள்ள, அவங்களுக்கு அஞ்சுதான்," என்றாள். அதோடு அவளுக்கு அந்தப் பயம் முடிந்தது.

எனக்கு மூன்றாம் வாரமே தலையணை சலித்துவிட்டது. படைத்தலைவன் எங்கேயும் போய்ச் சேருவதாக இல்லை. அதை வைத்துவிட்டு மீன்காரன் கதையை எடுத்தேன். இதுதான் சரியான புத்தகம், இவ்வளவு நாள் வீணாக்கிவிட்டேன் என்று ஒரே உற்சாகம். மீன்காரன் வலையைப் பிரித்து முடிப்பதற்குள் அதுவும் அலுத்தது. பிறகு லத்தீன்காரன் புத்தகம். லத்தீன் தெரியாமல் அதில் என்ன செய்தேன் என்று இப்போது யோசித்தாலும் விளங்கவில்லை. ஒவ்வொரு புத்தகத்திலும் முதல் பாடத்தை முடிக்கிற வரைக்கும் நான் உலகத்திலேயே சிறந்த மாணவி. ஏற்கெனவே தெரிந்ததுதானே, கடகடவென்று ஓடும். இந்தப் புத்தகத்தில் எப்படி வருகிறது பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். நாலாம் பாடத்தில் பாதை செங்குத்தாக ஏறும். உடனே தவறு புத்தகத்தின் மேல்தான்.

வேடிக்கை என்னவென்றால், அநேகமாக எல்லாப் புத்தகத்திலும் முதலில் வருவது ஒரே வினைச்சொல்தான். 'லூவோ'. அவிழ்க்கிறேன் என்று அர்த்தம். அவிழ்க்கிறேன், அவிழ்க்கிறாய், அவிழ்க்கிறான். மழைக்காலம் முழுக்க ஏரிச்சாலையில் நடந்தபடி நான் அவிழ்த்துக்கொண்டே இருந்தேன். தேவசகாயம் சாருக்கு என் கூத்து தெரியும். ஒரு ஆளுக்கு ஒரு புத்தகம் என்பதால், மாற்றும்போதெல்லாம் பதிவேட்டில் எழுதச் சொல்வார். ஒருநாள் என் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "நீ படிக்கிறியாம்மா, இல்ல வீடு மாத்துறியா?" என்றார்.

புஷ்பம் ஒவ்வொரு சனிக்கிழமையும் வருவாள். வெள்ளனே கிளம்பி முதல் பஸ் பிடித்தால்தான் நூலகம் திறக்கிற நேரத்துக்கு வந்துசேர முடியும். அவளுக்கு இருந்தது ஒரே கஷ்டம். பத்து வாக்கியத்தையும் செய்துவிடுவாள். செய்தது சரியா தப்பா என்று தெரியாது. சொல்வதற்கு மலையில் ஒரு ஜீவன் இல்லை. அதனால் ஒவ்வொன்றையும் கிரேக்கத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவந்து, இரண்டு நாள் கழித்துப் புத்தகத்தை மூடிவிட்டு, தமிழிலிருந்து கிரேக்கத்துக்குத் திருப்பிப் பார்ப்பாள். முன்னாலிருந்த வாக்கியமே வந்தால் சரி. வராவிட்டால் மறுபடியும். ஒரு பாடத்துக்குப் பத்து நாள் ஆகும். நான் அதற்குள் இரண்டு புத்தகம் மாற்றியிருப்பேன்.

தை மாதத்தில் ஒரு வீடு காலியாகி நாலு பெட்டி வந்தது. மூன்றாவது பெட்டியில், பிரசங்கக் குறிப்புகளுக்கு நடுவே, ஐம்பது பக்கத்தில் ஒரு சின்னப் புத்தகம் கிடைத்தது. தவிட்டு நிற அட்டை. புஷ்பம் படிக்கிற புத்தகத்தின் விடைநூல். எல்லாப் பாடத்துக்கும், எல்லா வாக்கியத்துக்கும் விடை.

பழக்கதோஷத்தில் எண் போட்டேன். தேதி முத்திரை குத்தினேன். அலமாரியில் வைக்கப் போனவள் வைக்கவில்லை. என் மேசை இழுப்பறையைத் திறந்து, பழைய பதிவேட்டுக்கு அடியில் தள்ளி மூடினேன். ஏதோ பெரிய திட்டம் போட்டுச் செய்ததாக நினைக்காதீர்கள். அடுத்த வாரம் கொடுக்கலாம் என்றுதான் நினைத்தேன். அடுத்த சனிக்கிழமை அவள் பதினாலாம் பாடத்தில் ஒன்பதாவது வாக்கியத்தில் மாட்டிக்கொண்டு வந்தாள். எப்படித் திருப்பினாலும் ஒரு சொல் மிஞ்சுகிறது என்றாள். ஒரு மணி நேரம் பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இந்த மாதிரிப் புத்தகத்துக்கு விடை போட்டுத் தனியா ஒண்ணு வருமாமே. இங்க இருக்கா புள்ள?"

"நம்மகிட்ட இல்ல," என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டு மறுபடியும் நோட்டைப் பிரித்தாள். அந்த ஒன்பதாவது வாக்கியத்தின் விடை என் முழங்காலுக்கு அரை அடி தூரத்தில் இருந்தது.

அதற்கப்புறம் செய்ததுதான் இன்னும் கேவலம். நான் தலையணையையும் மீன்காரனையும் எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். புஷ்பம் சந்தா கட்டி எடுத்துப்போன அந்தப் புத்தகத்தின் இன்னொரு பிரதி விடைநூல் வந்த அதே பெட்டியில் இருந்தது. அதையும் விடைநூலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மத்தியான நேரங்களில் ஆள் இல்லாதபோது பயிற்சி செய்தேன். செய்தேன் என்றால், வாக்கியத்தைப் பார்ப்பேன், விடையைப் பார்ப்பேன், ஓகோ என்று எழுதிக்கொள்வேன். ஒரே மாதத்தில் கடைசிப் பாடம் வரை வந்துவிட்டேன். என் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு புத்தகத்தை முடித்திருக்கிறேன் என்று பெருமையாகக்கூட இருந்தது.

பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கும்போது புஷ்பம் நோட்டை என்னிடம் விட்டுவிட்டு, ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கு மருந்து வாங்கப் போனாள். நான் இழுப்பறையைத் திறந்து விடைநூலை வெளியே எடுத்தேன். அவள் எத்தனை தப்புச் செய்திருக்கிறாள் என்று பார்க்கத்தான். பாடம் பாடமாகப் பார்த்துக்கொண்டு போனேன். பக்கத்துக்குப் பக்கம் சரியாக இருந்தது. ஒரு பாடத்தில் ஒரு தப்பு, இன்னொன்றில் இரண்டு. பதினாலாம் பாடத்து ஒன்பதாவது வாக்கியத்துக்கு மூன்று விடை எழுதி, மூன்றாவதன் கீழே கோடு போட்டிருந்தாள். அதுதான் சரி. ஓரத்தில் சின்ன எழுத்தில் 'யாரைக் கேட்பது' என்று தமிழில் எழுதியிருந்தது.

அவள் மருந்துப் பொட்டலத்தோடு திரும்பி வந்தபோது விடைநூல் மேசைமேல் கிடந்தது. நான் அதை மறைக்கவில்லை.

அட்டையைத் திறந்தாள். உள்பக்கத்தில் நான் குத்திய தேதி. மை காய்ந்துவிட்டதா என்று பார்ப்பது போல அதை விரலால் தடவினாள்.

"தை மாசமே வந்திருக்கு," என்றாள்.

"ஆமா."

"நான் கேட்டப்ப இல்லன்னு சொன்ன."

"ஆமா."

"நீ முழுசும் பாத்துட்டியா?"

"பாத்தேன்."

"அப்ப பதினாலாம் பாடம், ஒம்பதாவது. என்னா விட? சொல்லு."

நான் அதை என் கையால் எழுதியிருந்தேன். அவள் எழுதியதை ஐந்து நிமிஷத்துக்கு முன்னால்தான் வாசித்திருந்தேன். ஒரு சொல்கூட வாயில் வரவில்லை. வெளியே காற்றில் தைல மரம் இரைந்துகொண்டிருந்தது. திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இதத் தூக்கி வீசிட்டுப் போகணும்னுதான் தோணுது," என்றாள் கடைசியில். "ஆனா எனக்கு அதுக்கு வசதியில்ல புள்ள. பதிவேட்ல எழுதிக் குடு."

எழுதினேன். கையெழுத்துப் போட்டாள். ஒரு ஆளுக்கு ஒரு புத்தகம் என்ற விதியைத் தேவசகாயம் சார் அன்று நினைவுபடுத்தவில்லை. அவர் எவ்வளவு கேட்டுக்கொண்டிருந்தார் என்று தெரியாது. மஃப்ளரை எடுத்து மறுபடி சுற்றிக்கொண்டு, ஜன்னலைச் சாத்தப் போய்விட்டார்.

பரீட்சை மிஷன் மண்டபத்தில் நடந்தது. சீசன் தொடங்கியிருந்தது. சுற்றுலா பஸ்களின் ஹாரன் விடாமல் கேட்டது. எழுதியது நாங்கள் இரண்டு பேர்தான். கீழேயிருந்து வந்த ஒரு போதகர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தார். முதல் கேள்வி பெயர்ச்சொல் அட்டவணை. அதை நான் எழுதிய அழகைப் பார்த்தால் சட்டம் போட்டு மாட்டலாம். எட்டு முறை படித்த பாடமல்லவா. அடுத்து ஏழெட்டு வரியில் ஒரு பகுதியை மொழிபெயர்க்க வேண்டும். ஓர் ஊருக்கு யாரோ வருகிறார்கள், அல்லது அங்கிருந்து போகிறார்கள். வந்தார்களா போனார்களா என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை. அரை மணி நேரத்தில் நான் எழுத வேண்டியது தீர்ந்துவிட்டது. எழுந்து போகவும் வெட்கம். மிச்ச நேரம் முழுவதும் புஷ்பத்தின் பேனா தாளில் ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இடம் அவளுக்குத்தான் கிடைத்தது. எனக்கு வருத்தம் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். அதைவிட அதிகமாக, இனி சனிக்கிழமை காலையில் யாரும் வரமாட்டார்கள் என்ற நினைப்பு இருந்தது. அவள் கிளம்பிய அன்று பஸ் நிலையத்துக்குப் போனேன். போகலாமா வேண்டாமா என்று பாதி வழியில் இரண்டு தடவை திரும்பி, பிறகு ஓடினேன். தகரப் பெட்டியை மேலே ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாக்கியத்தைத் தயார்செய்துகொண்டு போயிருந்தேன். அவள் என்னைப் பேசவிடவில்லை.

"என் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களுக்குப் படிக்க ஒண்ணும் இல்ல. படம் போட்ட புத்தகம் இங்க சும்மாதான கெடக்கு. கொண்டுபோய்க் குடு," என்றாள். பஸ் கிளம்பிவிட்டது.

அதை மட்டும் செய்தேன். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை பூம்பாறை பஸ்ஸில் ஒரு பை நிறையப் புத்தகத்தோடு போவேன். தேவசகாயம் சார் பார்த்தும் பார்க்காதது போலக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். பிள்ளைகள் பஸ் நிற்பதற்கு முன்பே பையைப் பிடுங்குவார்கள். ஒரு வருஷத்துக்கு மேல், ஒருமுறைகூட விடாமல் போனேன். அப்புறம் உரக்கடைக்காரருக்கு வேறு பெண் பார்த்துவிட்டார்கள். நான் நூலகப் படிப்பு படிக்கத் திண்டுக்கல் இறங்கினேன். அதையும் இரண்டு தவணையில்தான் முடித்தேன், அது வேறு கதை.

எண்பதுகளின் நடுவில், அவள் படிப்பை முடித்துத் திரும்பிவிட்டாள் என்று கேள்விப்பட்டு ஒருமுறை குடியிருப்புக்குப் போனேன். அன்று அங்கே ஒரு சாவு. மேட்டில் தோண்டிய குழிக்குப் பக்கத்தில், வெள்ளைச் சேலையில், குடையைத் தோளில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு புஷ்பம் வாசித்துக்கொண்டிருந்தாள். தூறலில் அவள் குரல் கடைசி ஆள்வரைக்கும் கேட்டது. முன்பு மறித்தவர்களில் ஒருவர்தான் அவளுக்குப் பக்கத்தில் தலை குனிந்து நின்றார் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

வீட்டில் பாலில்லாமல் வெறுந்தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாள். பட்டம் வாங்கினாலும் போதகர் அங்கி தரவில்லையாம். மகளிர் ஊழியர் என்று ஒரு பெயரைக் கொடுத்து அனுப்பிவிட்டார்களாம்.

"அங்கி இல்லன்னா மண்ணு உள்ள விழாதா?" என்றாள். அவ்வளவுதான் அதைப் பற்றிப் பேசினாள்.

கிரேக்கம் உதவுகிறதா என்று கேட்டேன். இங்கே அதை யார் கேட்கிறார்கள், வந்து நிற்க ஒருத்தர் வேண்டுமென்றுதானே போனேன், நிற்கிறேன் என்றாள். விடைநூல் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. எனக்கும் எப்போதும் போலக் கிளம்புகிற அவசரம்.

அதற்கு இரண்டு வருஷம் கழித்து நூலகத்தை மூடினார்கள். தேவசகாயம் சார் ஓய்வு பெற்றுப் போயிருந்தார். பட்டியல் எடுக்க ஆள் வேண்டுமென்று என்னைக் கூப்பிட்டார்கள். நாலு நாள் தும்மிக்கொண்டே எழுதினேன். புத்தகங்கள் கீழே எங்கெங்கோ பிரிந்து போயின. யாருக்கும் வேண்டாத பழையது ஒரு மூலையில் குவிந்தது. பிறகு அதுவும் போய்விட்டது. வெள்ளைக்காரக் குடும்பங்கள் அநேகமாக எல்லாமே அதற்குள் போயிருந்தன. வராந்தா விற்பனையும் மரப்பெட்டிகளும் நின்றுவிட்டன. நூலகம் இருந்த கல் கட்டடம் இப்போது தேனிலவுக்கு வருபவர்களுக்கான விடுதி.

திண்டுக்கல் திரும்பியதும் உட்கார்ந்து புஷ்பத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். எது நடந்ததோ அதை நேராக, ஜோடிக்காமல், நாலு பக்கம் எழுதினேன். இழுப்பறை, முத்திரை, 'நம்மகிட்ட இல்ல' என்றது, எல்லாம். மன்னித்துக்கொள் என்ற வார்த்தையையும் எழுதினேன். பாதியில் விடாமல் நான் எழுதி முடித்த கடிதம் அது. மூன்று வாரத்தில் திரும்பி வந்தது. இந்த முகவரியில் இல்லை என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார்கள்.

கடிதத்தைப் பையில் போட்டுக்கொண்டு நானே போனேன். குடியிருப்பு இருந்த சரிவில் கம்பிவேலி ஓடியது. வீடுகளை இடித்துச் சமப்படுத்தி மனை பிரித்திருந்தார்கள். பள்ளிக்கூடம் எந்த இடத்தில் இருந்தது என்றுகூட எனக்குப் பிடிபடவில்லை. தோட்ட வேலை குறைந்ததும் கொஞ்சம் பேர் கூடலூர் பக்கம் போய்விட்டார்கள், கொஞ்சம் பேர் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் போய்விட்டார்கள் என்று டீக்கடையில் சொன்னார்கள். எந்தக் கொஞ்சத்தில் புஷ்பம் போனாள் என்று யாருக்கும் தெரியவில்லை. மேட்டிலிருந்த புதைகாடு வேலிக்கு உள்ளே அகப்பட்டுவிட்டது. காவல்காரர் வெளியே வந்து, யாரைத் தேடுகிறீர்கள் என்று மரியாதையாகத்தான் கேட்டார். புஷ்பம் டீச்சர் என்றேன்.

"நான் வந்து ஆறு மாசம் ஆச்சுங்க," என்றார். "இங்க ஆளுக இருந்தாங்கன்னே நீங்க சொல்லித்தான் கேக்குறேன்."

கூடலூர் போய்த் தேட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் பஸ் ஏறினேன். அந்த வருஷம் வேலை மாறினேன், அடுத்த வருஷம் வீடு மாறினேன், அதற்குப் பிறகு இரண்டு ஊர். அந்தக் கடிதம் எந்த வீட்டில் தவறிப் போனது என்று இப்போது எனக்குத் தெரியாது.